மெல்லிய படலம் மின்காந்த அலையை விழுங்குகிறதா? கடத்து பாலிமர், கார்பன் நானோகுழாய்க் கவசங்கள் குறித்து

1. கேபிளுக்குள் ஒரு கவசம்

ஏற்காடு வட்டத்தின் வெள்ளக்கடை போன்ற மலையூர்களிலும் இன்று கூரைக்குக் கூரை டிடிஎச் கிண்ணம் நிற்கிறது. கிண்ணத்திலிருந்து வீட்டுக்குள் இறங்கும் கறுப்புக் கேபிளை ஒரு சாண் வெட்டி மேல்தோலை உரித்தால், முதலில் மெல்லிய அலுமினியக் கம்பிப் பின்னல் தெரியும். அதற்கடியில் பாலியெஸ்டரோடு ஒட்டிய அலுமினியத் தாள். அதையும் பிரித்தால் வெண்ணிற நுரைப் பிளாஸ்டிக், நடுவே செம்பு பூசிய ஒற்றைக் கம்பி. படத்தைக் கொண்டுவருவது நடுக்கம்பி. பின்னலுக்கும் தாளுக்கும் இரட்டை வேலை. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதை அவைதான்; உள்ளே ஓடும் அலை வெளியே கசியாமலும் வெளியே உலவும் அலை உள்ளே புகாமலும் காப்பவையும் அவைதான்.

இந்தக் காவல் பெயரளவுக்கானது அல்ல. கிண்ணத்தின் முனையிலுள்ள கருவி செயற்கைக்கோள் அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கிக் கேபிளில் விடுகிறது. கைப்பேசிகள் பேசும் 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் அதே எல்லைக்குள் வருகின்றன. கவசம் கிழிந்த கேபிளுக்கு அருகில் கைப்பேசி இயங்கினால் திரையில் படம் சதுரம் சதுரமாக உடையக்கூடும். மின்காந்த இடையீடு என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

கவசமாகும் அந்த உலோகத்துக்கும் ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கும் பழைய உறவு உண்டு. இம்மலையின் சார்னோகைட் பாறை நெடுங்கால மழையில் கரைந்து சிதைந்ததால் உச்சித் தட்டுகளில் பாக்சைட் படிந்தது. அலுமினியத்தின் மூலக்கனிமம் அது. மேட்டூரில் 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் நிறுவனம் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் அதை வெட்டி எடுத்தது. 2000களின் இறுதியில் மேட்டூரின் உருக்காலை ஓய்ந்தது. வெட்டிய மேடுகள் மலையில் எஞ்சின.

கனிமம் தோண்டாமல், துருவோ அரிப்போ இல்லாமல், எடையும் குறைவாக ஒரு கவசம் செய்ய முடியுமா? ஏறக்குறைய அரை நூற்றாண்டாகப் பொருளறிவியலாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. கடத்து பாலிமர், கார்பன் நானோகுழாய் ஆகியவற்றாலான மெல்லிய படலங்கள் அதற்கான விடையாக முன்வைக்கப்படுகின்றன. அவை மெல்லியவை, எடை குறைந்தவை, உலோகத்தைப் போல் அலையைத் திருப்பியடிக்காமல் தமக்குள் உட்கவர்பவை என்ற மூன்று கூற்றுகள் ஆய்விதழ்களில் சேர்ந்தே வருகின்றன. முதலிரண்டும் பெரும்பாலும் உண்மை. முதலாவதும் மூன்றாவதும் ஒரே படலத்தில் முழுமையாகப் பொருந்த இயற்பியல் இடம் தருவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இதுவரையான புரிதல்

கடத்தியால் சூழப்பட்ட இடத்துக்குள் வெளிமின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836இல் ஓர் அறையளவு கூண்டு கட்டி, தாமே உள்ளே அமர்ந்து காட்டினார். அலைகளுக்கான கணக்கை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தின் செர்கேய் ஷெல்குனாஃப் வகுத்தார். கவசத்தை எட்டும் அலையில் ஒரு பங்கு முகப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. ஒரு பங்கு உள்ளே வெப்பமாகிறது. எஞ்சியது மறுபுறம் ஊடுருவுகிறது. ஊடுருவல் எவ்வளவு குறைந்தது என்பதை டெசிபலில் சொல்வது மரபு. 20 டெசிபல் என்றால் நூற்றில் ஒரு பங்கு ஆற்றல் தப்புகிறது. 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

உலோகமே இதற்குரிய பொருள் என்ற எண்ணத்தை 1977இல் ஹிடேகி ஷிராகாவா, ஆலன் மெக்டயார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோரின் கண்டுபிடிப்பு அசைத்தது. பாலிஅசெட்டிலீன் படலத்தை அயோடின் ஆவியில் வைத்தபோது அதன் கடத்துத்திறன் பல லட்சம் மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது. பாலிஅசெட்டிலீன் காற்றில் நிலைக்கவில்லை. அதன் இடத்தைப் பாலிஅனிலின், பாலிபிர்ரோல், பெடாட் ஆகியவை பிடித்தன. 1991இல் சுமியோ இஜிமா 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை கார்பன் நானோகுழாய்கள்மீது உலகின் கவனத்தைத் திருப்பியது.

நானோகுழாயின் பயன் அதன் வடிவத்தில் இருக்கிறது. விட்டத்தைப்போல் நூறு, ஆயிரம் மடங்கு நீளமான இழைகள் என்பதால், பிளாஸ்டிக்கில் மிகச் சிறிதளவு கலந்தாலும் ஒன்றையொன்று தொட்டு முழுப் பரப்பிலும் மின்னோட்டப் பாதை அமைத்துவிடும். நல்ல கலவைகளில் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே அந்தப் பாதை திறக்கிறது. குழாய்கள் இருந்தால் மட்டும் போதாது, அவை இணைந்திருக்க வேண்டும் என்பது இதில் முக்கியம். கீழடிப் பானையோடுகளின் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் காணப்பட்டதாக 2020இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் தமிழக ஆய்வாளர்கள் எழுதியபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. பூச்சு ஏன் இத்தனை நூற்றாண்டு நிலைத்தது என்பதை விளக்க அது உதவும். அப்பூச்சு மின்னைக் கடத்தியதா என்பது வேறு கேள்வி. அதற்குத் தொடர்ச்சியான வலை வேண்டும்.

3. பரப்பு மின்தடை

மெல்லிய படலம் ஒன்றின் கவசத்திறனை முன்கூட்டிச் சொல்ல ஓர் எண் போதும்: பரப்பு மின்தடை. படலத்தின் கடத்துத்திறனைத் தடிமனால் பெருக்கி, வரும் விடையின் தலைகீழை எடுத்தால் அது கிடைக்கும். வெற்றிடத்தில் அலை உணரும் மின்தடை 377 ஓம். அதில் பாதியான 188.5ஐப் படலத்தின் பரப்பு மின்தடையால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, பத்தடிமான மடக்கை எடுத்து, இருபதால் பெருக்கினால் டெசிபல் வந்துவிடும். அலை ஊடுருவும் ஆழத்தைவிடப் படலம் மெல்லியதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு செல்லும்.

பரப்பு மின்தடை 100 ஓம் என்றால் கவசத்திறன் 9 டெசிபல். 10 ஓம் என்றால் 26. 1 ஓம் என்றால் 46. மின்னணுப் பொருள்களின் உறைக்கு 30 டெசிபலாவது வேண்டும் எனப் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். ஆகவே சில ஓம்களுக்குக் கீழே இறங்காத படலம் தனித்து நின்று கவசமாகாது.

உலோகத்தோடு ஒப்பிட்டால் இடைவெளி தெளிவாகும். அலுமினியத்தின் கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 3.8 கோடி சீமன்ஸ். நன்கு தயாரித்த பாலிஅனிலின் படலத்துக்கு 10,000 சீமன்ஸ் என வைத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் மேல் ஆவியாகப் படியவைத்த 0.1 மைக்ரோமீட்டர் அலுமினியம், தடித்த தகட்டின் கடத்துத்திறனையே கொண்டிருந்தால், கணக்குப்படி 57 டெசிபல் தரும். அதே பரப்பு மின்தடையை எட்டப் பாலிஅனிலின் ஏறத்தாழ 380 மைக்ரோமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பூச்சை மெல்லிய படலம் என்று அழைக்க முடியாது.

இதனால் கார்பன் வழி மூடிவிட்டது என்றாகாது. நேர்த்தியாக அடுக்கி, வேதிப்பொருள் ஏற்றிய நானோகுழாய்ப் படலங்கள் மீட்டருக்குப் பத்து லட்சம் சீமன்ஸைத் தாண்டியிருக்கின்றன. 2016இல் 'சயன்ஸ்' இதழில் ஃபைசல் ஷசாத், யூரி கோகோட்சி, சோங் மின் கூ உள்ளிட்டோர் மெக்சீன் எனப்படும் டைட்டானியம் கார்பைடு தாள்களாலான படலம் ஒன்றை 45 மைக்ரோமீட்டர் தடிமனில் 92 டெசிபல் வரை கொண்டுசென்றனர். இந்த வெற்றிகள் எல்லாவற்றுக்கும் பின்னால் உயர்ந்த கடத்துத்திறன் இருக்கிறது. அதாவது கவசத்திறன் கூடக் கூட இப்பொருள்கள் உலோகத்தை நெருங்குகின்றன.

4. "உட்கவர்தல் மேலோங்கியது" என்ற முடிவைப் பற்றி

உலோகத்தை நெருங்கும் பொருள் உலோகத்தைப் போலவே அலையைத் திருப்பியடிக்கும். ஆனால் கட்டுரை கட்டுரையாக இதற்கு நேர்மாறான வாக்கியம் வருகிறது. இந்தியாவில் இத்துறையின் முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, பர்வீன் சைனி, எஸ்.கே. தவான் முதலானோர் 2009இல் வெளியிட்டது. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் சார்ந்த அப்பணியில், நானோகுழாய் ஒவ்வொன்றின் மேலும் பாலிஅனிலின் போர்வையாகப் படியுமாறு பாலிமரை அங்கேயே வளர்த்தனர். பாலிஅனிலினின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 2.0 சீமன்ஸ், நானோகுழாயினுடையது 19.1, கலவையினுடையது 19.7. இரண்டின் கூட்டு எந்த ஒன்றையும்விட மேலாக நடந்தது என்பது அருமையான முடிவு. 12.4 முதல் 18 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் கவசத்திறன் 27.5இலிருந்து 39.2 டெசிபல் வரை கிடைத்தது. அது உட்கவர்தல் மேலோங்கிய கவசம் என்று ஆய்வாளர்கள் குறித்தனர்.

இத்துறையின் வழக்கப்படி அந்தச் சொல்லாட்சி பிழையில்லை. ஆனால் வழக்கம் என்ன சொல்கிறது, வாசகர் என்ன புரிந்துகொள்கிறார் என்பதற்கிடையே பெரிய இடைவெளி இருக்கிறது. மேலே எடுத்துக்கொண்ட பாலிஅனிலினையே 10 மைக்ரோமீட்டர் படலமாக்குவோம். பரப்பு மின்தடை 10 ஓம். கவசத்திறன் 26 டெசிபல். வந்து மோதும் ஆயிரம் பங்கு ஆற்றலில் 902 பங்கு முகப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. 95.5 பங்கு படலத்துக்குள் வெப்பமாகிறது. 2.5 பங்கு ஊடுருவுகிறது. இதை எதிரொளிக்கும் கவசம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

இதையே டெசிபல் பங்கீட்டில் எழுதினால் எதிரொளிப்புக்கு 10.1, உட்கவர்தலுக்கு 15.9 என்று வரும். காரணம், உட்கவர்தல் டெசிபலைக் கணக்கிடும்போது எதிரொளிப்புக்குப் பிறகு உள்ளே நுழைந்த 98 பங்கை மட்டுமே அடிப்படையாக எடுக்கிறார்கள். நுழைந்ததில் பெரும்பகுதி அடங்கிவிட்டதால் எண் உயர்கிறது. நுழையாமலே திரும்பிய 902 பங்கு அந்த எண்ணில் தெரிவதில்லை. 15.9 என்பது 10.1ஐவிடப் பெரியது, ஆகவே உட்கவர்தல் மேலோங்கியது என்ற வாக்கியம் எழுதப்பட்டுவிடுகிறது.

இது வெறும் எண் விளையாட்டாக நின்றால் கவலையில்லை. உட்கவரும் கவசம் தேவைப்படும் இடங்கள் உண்மையில் உண்டு. மூடிய பெட்டிக்குள் பல சில்லுகள் நெருங்கி வேலை செய்யும்போது, திருப்பியடிக்கப்பட்ட அலை பக்கத்துச் சில்லைத் தாக்கும். ரேடாருக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய பரப்பு அலையைத் திருப்பி அனுப்பவே கூடாது. அத்தகைய பணிக்கு 902 பங்கைத் திருப்பும் படலத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவார்.

இங்கே ஒரு கண்டிப்பான எல்லையும் உண்டு. காற்றில் தனித்து நிற்கும் மெல்லிய கடத்துப் படலம், ஒரு பக்கத்திலிருந்து வரும் அலையில் பாதிக்கு மேல் உட்கவரவே முடியாது. அந்தப் பாதியும் பரப்பு மின்தடை 188.5 ஓமாக இருக்கும்போதுதான் கிடைக்கும். அப்போது கால் பங்கு எதிரொளிக்கும், கால் பங்கு ஊடுருவும். கவசத்திறன் வெறும் 6 டெசிபல். கடத்துத்திறனைக் கூட்டினால் எதிரொளிப்பு ஏறும், குறைத்தால் ஊடுருவல் ஏறும்.

ஒப்பீட்டுக்குப் பயன்படும் இன்னோர் அளவுகோலும் மறுபரிசீலனைக்குரியது. கவசத்திறனை அடர்த்தியாலும் தடிமனாலும் வகுத்து, எடைக்கு எவ்வளவு கவசம் எனத் தரவரிசை போடுகிறார்கள். 0.1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நல்ல பெடாட் படலம் 6 டெசிபல் தருவதாகக் கொள்வோம். கால் பங்கு ஆற்றலைத் தப்பவிடும் அந்தப் படலம், அடர்த்தி ஒன்றே என்றால், 26 டெசிபல் தரும் 10 மைக்ரோமீட்டர் படலத்தைவிட இந்த அளவுகோலில் 20 மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். தடிமனைக் குறைத்தாலே மதிப்பெண் கூடும் அளவுகோல் பயன்பாட்டுக்கு வழிகாட்டாது.

5. சாதகமான சான்று: நானோகுழாய்க் கேபிள்

உட்கவர்தல் என்ற கோரிக்கையைக் கைவிட்டு, எடை என்ற கோரிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் சான்று வலுவாகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ பாஸ்குவாலி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மேலே உரித்துப் பார்த்த அதே வகைக் கேபிளை எடுத்துக்கொண்டது. வெளிக்கடத்தியாக இருந்த வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலை அகற்றிவிட்டு, நானோகுழாய்களைக் குளோரோசல்ஃபானிக் அமிலத்தில் கரைத்து உள்காப்பின் மேல் நேரடியாகப் பூசினர். அதற்கு முன் வந்த நானோகுழாய் வெளிக்கடத்திகளைவிடக் கடத்துத்திறன் ஏறக்குறைய நூறு மடங்கு கூடுதல். சமிக்ஞை இழப்பு வணிகக் கேபிளுக்கு ஒப்பாக இருந்தது. அந்த உறுப்பின் எடை 97 விழுக்காடு குறைந்தது.

விண்கலத்துக்கும் விமானத்துக்கும் ஒவ்வொரு கிராமும் செலவு. 2011இல் புறப்பட்டு வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தில் நானோகுழாய்த் தாள்கள் நிலைமின் வெளியேற்றத்திலிருந்து காக்கும் பணியில் இடம்பெற்றது இந்தக் காரணத்தால்தான். வெள்ளக்கடையின் கூரைக் கேபிளுக்கு இந்த வாதம் செல்லாது. அங்கே எடை யாருக்கும் பாரமில்லை, விலைதான் கணக்கு. கரைப்பானாகும் அமிலமோ தண்ணீர் பட்டதும் சீறும், தோலையும் மூச்சையும் அரிக்கும். பாக்சைட் வெட்டுவதைத் தவிர்க்கிறோம் என்று சொல்லி அதைச் சிறுபட்டறைகளில் புழங்கவிட முடியாது.

6. மூட்டு, ஈரம், தூசி

ஆய்வகங்களில் 8.2 முதல் 12.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்கான சோதனை பெரும்பாலும் 22.86 மில்லிமீட்டர் நீளமும் 10.16 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அலைவழிக் குழாயின் வாயில் மாதிரியைப் பொருத்தி நடக்கிறது. தபால்தலையைவிடச் சிறிய துண்டு அது. உண்மையான கருவிப் பெட்டிக்கு மூடி உண்டு, திருகு உண்டு, கேபிள் நுழையும் வாய் உண்டு. பெட்டியின் சுவர் 60 டெசிபல் தந்தாலும், மூடியோரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் நீள இடுக்கு இருந்தால் 1 ஜிகாஹெர்ட்ஸில் கவசம் ஏறத்தாழ 20 டெசிபலுக்குச் சரியும்; 5ஜி பயன்படுத்தும் 3.5 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 9 டெசிபல்தான் மிஞ்சும். உலோகத்தை மடித்து இறுக்கலாம், பற்றவைக்கலாம். பாலிமர்ப் படலத்தின் விளிம்பை நிலமுனையோடு இணைப்பது கடினம். சென்னை தரமணியிலுள்ள சமீர் மின்காந்தவியல் மையம் போன்ற நிறுவனங்கள் முழுக் கருவியையே அறைக்குள் வைத்துச் சோதிப்பதன் தேவை இதிலிருந்து விளங்கும். துண்டின் எண் பெட்டியின் எண்ணாகாது.

அடுத்தது ஈரம். பருவமழையிலும் மூடுபனியிலும் மாதக்கணக்கில் நனையும் சேர்வராயன் மலையைப் போன்ற இடத்தில் இப்படலங்கள் என்னவாகும் என்று கேட்பது தகும். பெடாட்டுடன் சேர்க்கப்படும் பிஎஸ்எஸ் ஈரத்தை இழுத்துப் பருக்கும். பாலிஅனிலின் அமிலத்தன்மை இருக்கும்வரைதான் கடத்தும். அமிலம் கழுவப்பட்டால் கடத்தாத வடிவத்துக்குத் திரும்பிவிடும். நானோகுழாயில் ஏற்றிய வேதிப்பொருளும் காலப்போக்கில் வெளியேறுகிறது. தயாரித்த வாரத்தில் எடுத்த டெசிபலை மட்டும் தரும் கட்டுரை இவை எதற்கும் விடை சொல்வதில்லை.

மூன்றாவது, தூசி. கல்நாரைப் போல் நீண்டு விறைத்த நானோகுழாய்கள் எலிகளின் உடற்குழி உறையில் கல்நார் உண்டாக்கும் வகை அழற்சியை உண்டாக்கியதாக 2008இல் 'நேச்சர் நானோடெக்னாலஜி' இதழ் வெளியிட்டது. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஒரு குறிப்பிட்ட பல்சுவர் நானோகுழாயை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. பிளாஸ்டிக்குள் புதைந்த குழாய் பயனருக்கு ஆபத்தில்லாமல் இருக்கலாம். அதை அள்ளிக் கலக்கும் தொழிலாளிக்கும், பழைய கேபிளை எரித்துச் செம்பு எடுக்கும் பழைய இரும்புக் கடைக்காரருக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

7. குறைந்த கடத்துத்திறன் தகுதியாகும் இடம்

மேற்சொன்னவற்றால் இப்படலங்களின் மதிப்பு குறையவில்லை. அவற்றின் இடம் மாறுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வின்ஃபீல்டு சாலிஸ்பரி ஓர் எளிய ஏற்பாட்டைக் கண்டார். உலோகத் தகட்டுக்கு முன்னே கால் அலைநீளத் தொலைவில் 377 ஓம் பரப்பு மின்தடையுள்ள தாள் ஒன்றை நிறுத்தினால், அந்த அதிர்வெண்ணில் வரும் அலை ஏறத்தாழ முழுவதும் தாளிலேயே வெப்பமாகிவிடும். தனித்து நிற்கும் படலத்துக்கு இருந்த பாதி என்ற எல்லை, பின்னால் உலோகம் வந்ததும் விலகுகிறது.

377 ஓம் தாளை உலோகத்தில் செய்வது கடினம். சில அணு அடுக்குகள் அளவுக்கு மெல்லியதாக்க வேண்டியிருக்கும், அதுவும் சீராக நிற்காது. பெடாட்டிலோ நானோகுழாய் மையிலோ அதை அச்சடித்தே செய்யலாம். கவசத்துக்குக் குறையாக இருந்த மிதமான கடத்துத்திறன் இங்கே வேண்டிய குணமாகிறது. விலையாகக் கொடுக்க வேண்டியது தடிமன்: 10 ஜிகாஹெர்ட்ஸில் இடைவெளி 7.5 மில்லிமீட்டர், 3.5 ஜிகாஹெர்ட்ஸில் 21 மில்லிமீட்டர். நுரைகளும் படிப்படியாகக் கடத்துத்திறன் மாறும் அடுக்குகளும் இதே வழியில் அகன்ற பட்டைக்கு நீள்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூரியசாரதி போஸ் குழுவினர் பாலிமர்க் கலவைகளுக்குள் நானோகுழாய்களை எந்தப் பாலிமரின் பகுதியில் தங்கவைப்பது என்று ஆராய்ந்துவரும் பணியும், உள்கட்டமைப்பை வடிவமைத்து அலையைக் கையாளும் இந்தத் திசையைச் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டில் பின்னால் நிற்கும் தகடு அலுமினியமாகவே இருக்கும். பாலிமர்ப் படலம் உலோகத்தை வெளியேற்றும் என்ற எதிர்பார்ப்பைவிட, இரண்டும் பணியைப் பகிர்ந்துகொள்ளும் என்ற முடிவுக்கே சான்றுகள் இட்டுச் செல்கின்றன. பாக்சைட் தேவையைக் குறைக்க விரும்புவோர்க்கு அலுமினியத்தை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவது இதைவிட நேரான வழி. கனிமத்திலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடு அதற்குப் போதும்.

ஆய்வு எழுதும் முறையில் நான்கு மாற்றங்கள் உடனே சாத்தியம். ஒன்று, டெசிபல் பங்கீட்டோடு எதிரொளிப்பு, உட்கவர்தல், ஊடுருவல் ஆகிய மூன்றின் நேரடிப் பங்கையும் அச்சிடுவது. இரண்டு, தடிமனையும் பரப்பு மின்தடையையும் ஒவ்வொரு மாதிரிக்கும் தருவது. மூன்று, 85 பாகை வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்து எடுத்த அளவை முதல் நாள் அளவுக்குப் பக்கத்திலேயே வைப்பது. நான்கு, அதே படலம் பூசிய ஒரு சிறு பெட்டியை மூடி, திருகு, கேபிள் வாயோடு சோதிப்பது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், தரமணி சமீர் மையம் என்று பொருளை ஆக்கும் இடமும் கருவியைச் சோதிக்கும் இடமும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. இவ்விரண்டு வகை அளவீடுகளையும் ஒரே அட்டவணையில் தரும் ஆய்வு, இத்துறைக்கு மற்றுமொரு உயர்ந்த டெசிபல் எண்ணைவிடப் பெரிய பயன் தரும்.